கண் வைக்கும் முன்பே நடிக்கட்டும்: வட்டம், சதுரம், முக்கோணத்தைக் கேரக்டராக்குவது

ஒரு வட்டத்தை வரைந்து முடித்ததும் கை தானாகக் கண் வரையப் போகும். இரண்டு வெள்ளைப் பொட்டு, உள்ளே இரண்டு கறுப்புப் பொட்டு, கீழே ஒரு வளைகோடு. கேரக்டர் தயார் என்று தோன்றும். நகர்த்திப் பார்த்தால் முகம் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டிருக்க, உடம்பு மட்டும் இழுத்துவிட்ட ஸ்டிக்கராக வழுக்கிக்கொண்டு போகும். எளிய வடிவங்களில் அனிமேஷன் தொடங்குகிறவர்களிடம் அதிகம் தென்படும் பிழை இதுதான். கண், வாய் இருக்கும் லேயர்களை (தனித்தனி அடுக்குகளை) அணைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். அது எங்கே பார்க்கிறது, எதற்குத் தயங்குகிறது என்று அப்போதும் புரிந்தால் வேலை சரியாகப் போகிறது. புரியவில்லை என்றால் எவ்வளவு அழகான முகத்தை ஒட்டினாலும் தேறாது.

இது ருசி சார்ந்த விஷயம் மட்டுமல்ல. 1944இல் ஃபிரிட்ஸ் ஹைடர், மரியான் சிம்மல் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு சிறு படத்தை மாணவிகளுக்குக் காட்டினார்கள். ஒரு பெரிய முக்கோணம், ஒரு சிறிய முக்கோணம், ஒரு சிறு வட்டம், கதவு திறந்து மூடும் ஒரு செவ்வகம். அவ்வளவுதான். முகம் என்று எதுவும் கிடையாது. பார்த்ததை எழுதச் சொன்னபோது முதல் குழுவிலிருந்த 34 பேரில் ஒரே ஒருவர்தான் வடிவங்கள் நகர்ந்ததாக எழுதினார். மற்றவர்களுக்கு அதில் துரத்தலும் சண்டையும் தப்பித்தலும் தெரிந்தன. பெரிய முக்கோணம் வம்புக்காரனாகவே ஆகிவிட்டது. பார்க்கிறவர் மனசு கதை கட்டத் தயாராகத்தான் இருக்கிறது. அதற்கு இடைஞ்சல் செய்யாமல் இருப்பதே நம் வேலையில் பாதி.

முன்பக்கம் எது?

வடிவத்தைத் தேர்ந்தெடுக்கும்போது "வட்டம் சாது, முக்கோணம் ஆபத்து, சதுரம் உறுதி" என்ற சூத்திரத்தை எல்லோரும் சொல்வார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அசைவு வந்தவுடன் இந்தச் சூத்திரம் பின்னுக்குப் போய்விடும். ஒரு வட்டம் நேர்கோட்டில், வேகம் மாறாமல், நிற்காமல் ஒரு சிறு முக்கோணத்தை நோக்கி வந்தால் வட்டம்தான் ஆபத்து. அதைவிட முக்கியமாகக் கேட்க வேண்டியது, இந்த வடிவத்துக்கு முன்பக்கம் இருக்கிறதா என்பது.

முக்கோணத்துக்குக் கூர்முனை உண்டு. முனை எங்கே நீட்டியிருக்கிறதோ அங்கே பார்க்கிறது என்று கண்ணே எடுத்துக்கொள்ளும். சமபக்க முக்கோணம் என்றால் மூன்று முனையும் ஒன்றுபோல இருந்து குழப்பும். உயரத்தை அடிப்பக்கத்தைப் போல ஒன்றரை மடங்காக்கினால் குழப்பம் தீரும். வட்டத்துக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அது போகும் திசைதான் அதன் முகம், நின்றால் முகமும் போய்விடும். அதனால் நிற்கும் வட்டம் எதையாவது 'பார்க்க' வேண்டும் என்றால் அந்தப் பக்கமாகச் சற்றே, உடல் விட்டத்தில் 5% அளவுக்கு, நகர்ந்து நிற்க வேண்டும். சதுரத்துக்கு நான்கு பக்கமும் ஒன்றே. சாய்த்தால்தான் அது எதையோ கவனிக்கிறது என்று தெரியும்.

ட்ரெமுலே, ஃபெல்ட்மன் இருவரும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இங்கே கைகொடுக்கும். வெற்றுத் திரையில் ஒரே ஒரு உருவம் போகிறது. நடுவில் அதன் வேகமும் திசையும் ஒரே சமயத்தில் மாறுகின்றன. மாற்றம் பெரிதாக ஆக, அதை உயிருள்ளதாகப் பார்ப்பவர் உணர்வதும் கூடியது. நீள்சதுரமாக இருந்து, அதன் நீள அச்சு போகும் திசையோடு சேர்ந்து திரும்பினால் அந்த உணர்வு இன்னும் அதிகம். திசை மாறும் இடத்தில் வேகத்தையும் மாற்றுங்கள், உருவத்தையும் திருப்புங்கள் என்று இதை டைம்லைனில் (அசைவுகளை நேர வரிசையில் அடுக்கும் பட்டையில்) எழுதிக்கொள்ளலாம். உருவத்தின் திருப்பத்தை, பாதை திரும்புவதற்கு 2 அல்லது 3 ஃபிரேம் (அசைவை உண்டாக்கும் தனித்தனிப் படங்கள்) முன்பாகவே தொடங்கினால் 'முடிவெடுத்துத் திரும்பியது' போலிருக்கும். 2 ஃபிரேம் பின்னால் தள்ளினால் யாரோ பிடித்து இழுத்தது போலாகிவிடும். இரண்டுமே தேவைப்படும், ஆனால் தெரிந்து செய்ய வேண்டும்.

ஆங்கர் பாயின்ட்

உருவம் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சுழலும், எந்தப் புள்ளியை நிலையாக வைத்து நசுங்கும் என்பதைத் தீர்மானிக்கும் புள்ளி இது. சலிப்பான விஷயம்தான். ஆனால் எளிய வடிவங்களில் கெடுவதெல்லாம் பெரும்பாலும் இங்கிருந்துதான் கெடுகிறது. கை கால் இருக்கும் கேரக்டரில் சிறு தவறுகள் அந்த அசைவுகளுக்குள் மறைந்துகொள்ளும். ஒற்றைச் சதுரத்தில் ஒளிய இடமில்லை.

மென்பொருள்கள் பொதுவாக ஆங்கர் பாயின்ட்டை உருவத்தைச் சுற்றிய பெட்டியின் மையத்தில் வைக்கும். வட்டத்துக்கும் சதுரத்துக்கும் அது சரியாக அமைந்துவிடும். நிமிர்ந்து நிற்கும் முக்கோணத்தின் எடை மையமோ அடிப்பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் இருக்கிறது, பாதி உயரத்தில் இல்லை. 300 பிக்சல் உயர முக்கோணத்தைக் காற்றில் சுழற்றினால் ஆங்கர் கீழிருந்து 100 பிக்சலில் இருக்க வேண்டும். மென்பொருள் 150இல் வைத்திருக்கும். அந்த 50 பிக்சல் வித்தியாசத்தால் முக்கோணம் சுழலாமல் தள்ளாடும். ஏன் கோணலாக இருக்கிறது என்று ஈஸிங்கில் (வேகம் கூடிக் குறையும் விதத்தில்) மணிக்கணக்கில் தேடுவார்கள், கோளாறு இங்கே உட்கார்ந்திருக்கும்.

தரையில் இருக்கும்போது ஆங்கர் அடியில் வேண்டும், காற்றில் இருக்கும்போது எடை மையத்தில் வேண்டும். நடுவில் ஆங்கரை மாற்றினால் உருவம் ஒரு ஃபிரேமில் துள்ளிவிடும். அதனால் ஒரே லேயரில் எல்லாவற்றையும் செய்யாமல் அடுக்கிக்கொள்வது நல்லது. வெளியே இருக்கும் பேரன்ட், அதாவது உள்ளே இருப்பவற்றையும் கூடவே இழுத்துச் செல்லும் அடுக்கு, இடத்தை மட்டும் நகர்த்தும். அதற்குள் இருப்பது, அடியில் ஆங்கர் வைத்து, நசுங்குவதையும் நீள்வதையும் செய்யும். அதற்கும் உள்ளே, எடை மையத்தில் ஆங்கர் வைத்தது, சுழற்சிக்கு. நசுங்கலைச் சுழற்சிக்கு வெளியே வைப்பதற்குக் காரணம் உண்டு. இரண்டும் ஒரே லேயரில் இருந்தால் உருளும் வட்டம் தரையில் மோதும்போது அதன் நசுங்கும் அச்சும் கூடவே சுழன்று, குறுக்காக நசுங்கும். சாய்ந்த திசையில் பாயும்போது நீள வேண்டுமானால் நடுவில் ஒரு அடுக்கைக் கூட்டி, பாயும் கோணத்துக்குத் திருப்பி, ஸ்கேல் செய்து (அளவை மாற்றி), உள்ளே அதே கோணத்தைத் திருப்பிக் கழித்துவிடலாம்.

உலாவியில் எஸ்.வி.ஜி. (கோடுகளாகவும் வடிவங்களாகவும் பதிவாகும் பட வகை) உருவங்களை சி.எஸ்.எஸ். (வலைப்பக்கத் தோற்றத்தை அமைக்கும் மொழி) கொண்டு அசைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சாதாரண எச்.டி.எம்.எல். பெட்டிக்குச் சுழலும் புள்ளி அதன் மையம். எஸ்.வி.ஜி.க்குள் இருக்கும் வடிவத்துக்கோ அது முழுப் படத்தின் மேல் இடது மூலை. சதுரத்தைச் சுழற்றியதும் அது திரையை விட்டே பறந்து போவது இதனால்தான்.

சதுரம் சாய்வதற்கு இரண்டு வழி. அடிப்பக்கத்தை நிலையாக வைத்து மேல்பக்கத்தை மட்டும் ஸ்க்யூ செய்தால் (பக்கவாட்டில் சரித்தால்), 8 முதல் 12 டிகிரிக்குள், உள்ளே மென்மையான உடம்பு இருப்பது போலிருக்கும். பரப்பும் மாறாது. கீழ் மூலையை ஆங்கராக்கிச் சுழற்றினால் மரக்கட்டை. ஒரு கேரக்டருக்கு இரண்டில் ஒன்றைத்தான் தர வேண்டும் என்பது எங்கள் கட்சி. கலந்தால் அது எதனால் ஆனது என்பதே பார்ப்பவருக்குப் பிடிபடாது. மையத்தை ஆங்கராக வைத்துச் சாய்ப்பது மட்டும் வேண்டாம், ஒரு மூலை தரைக்குள் புதைந்துவிடும்.

நசுங்கலும் நீளலும்

இருபரிமாண உருவத்தில் பரப்பு மாறக் கூடாது. உயரத்தை 80% ஆக்கினால் அகலம் 125%, 70% ஆக்கினால் 143%, 60% என்றால் 167%. அதாவது 1ஐ உயரத்தால் வகுக்க வேண்டும். முப்பரிமாணத்தில் அகலமும் ஆழமும் பகிர்ந்துகொள்வதால் வர்க்கமூலம் எடுக்க வேண்டும். உயரம் 70% என்றால் மற்ற இரண்டும் 120%க்கு அருகில். பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் செய்யும்போது இருபரிமாணக் கணக்கைப் போட்டுவிட்டு, உருவம் ஏன் ஊதிப் போகிறது என்று யோசிப்பவர்கள் உண்டு.

பந்து குதிக்கும் பயிற்சியில் எல்லோரும் தவறவிடும் ஒரு ஃபிரேம் இருக்கிறது. நீண்ட நிலையில் இருக்கும் வட்டம் தரையைத் தொடும் ஃபிரேம் அது. தரைக்கு 60 பிக்சல் மேலே நீண்டிருந்துவிட்டு, அடுத்த ஃபிரேமிலேயே தரையில் நசுங்கிக் கிடந்தால், அது தரையில் மோதியது தெரியாது. திடீரென்று தட்டையானது மட்டும்தான் தெரியும். முதலில் நீண்ட வடிவமே தொட வேண்டும், அடுத்த ஃபிரேமில் நசுங்க வேண்டும். நசுங்கிய நிலை 1 அல்லது 2 ஃபிரேம் போதும். அதற்கு மேல் வைத்தால் ஒட்டிக்கொண்டது போலாகும்.

எவ்வளவு நசுக்குவது என்பதுதான் அது எந்தப் பொருள் என்று சொல்கிறது. 70% வரை போனால் ரப்பர். 90% என்றால் உறுதியான உடம்பு. கல் போன்ற சதுரம் நசுங்கவே கூடாது. அதற்குப் பதிலாக, விழுந்ததும் ஒரு மூலையில் 5 டிகிரி, மறு மூலையில் 3 டிகிரி, பிறகு 1 டிகிரி என்று ஆடி அடங்கட்டும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நேரம் குறைந்துகொண்டே வர வேண்டும்: 5, 4, 3 ஃபிரேம். எல்லா ஆட்டத்துக்கும் ஒரே நேரம் கொடுத்தால் கனம் போய்விடும்.

வெளிக்கோடு போட்ட உருவம் என்றால் ஸ்கேல் செய்யும்போது கோடும் ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலியும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற அனிமேஷன் மென்பொருளில் பாத் (உருவத்தின் எல்லைக் கோட்டுப்பாதை) இருக்கும் குரூப்புக்கு வெளியே ஸ்ட்ரோக்கை (வெளிக்கோட்டை) வைத்து, குரூப்பின் ஸ்கேலை மட்டும் மாற்றினால் கோடு சீராக இருக்கும். கோடே இல்லாமல் நிறத்தால் மட்டும் நிரப்புவது இன்னும் நிம்மதி.

நேரம் சொல்லும் அளவு

இனி வரும் எண்கள் எல்லாம் நொடிக்கு 24 ஃபிரேம் என்ற கணக்கில்.

குதிப்பதற்கு எடுக்கும் நேரம்தான் கேரக்டரின் உண்மையான அளவைச் சொல்கிறது. புவியீர்ப்பில் 6 ஃபிரேமில், அதாவது கால் நொடியில், ஒரு பொருள் ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் விழும். 12 ஃபிரேமில் 1.2 மீட்டருக்குச் சற்று மேல். நேரம் இரட்டித்தால் தூரம் நான்கு மடங்கு. இதை வைத்துப் பாருங்கள்: 300 பிக்சல் உயர வட்டம் தன் உயரத்துக்குக் குதிக்கிறது. ஏற 6, இறங்க 6 ஃபிரேம் கொடுத்தால் அது 30 சென்டிமீட்டர் உயரமுள்ள சிறு பிராணி. ஏற 12, இறங்க 12 கொடுத்தால் அதே வட்டம் ஒரு சிறுவன் உயரத்துக்கு வளர்ந்துவிடும். வரைந்த அளவில் எதையும் மாற்றவில்லை. சிறிய கேரக்டரும் பெரிய கேரக்டரும் ஒரே காட்சியில் வரும்போது இருவருக்கும் ஒரே குதிப்பை நகலெடுத்து ஒட்டினால், பெரியது காகிதப் பெட்டி போல லேசாகத் தெரிவது இதனால்தான்.

இறங்கும் இடைவெளிகள் 1, 3, 5, 7, 9, 11 என்ற ஒற்றைப்படை விகிதத்தில் கூடும். 300 பிக்சலை 6 ஃபிரேமில் இறங்க வேண்டுமென்றால் உச்சியிலிருந்து 8, 33, 75, 133, 208, 300 என்று இடங்கள் வரும். கையால் கீஃபிரேம் (இடத்தைக் குறித்து வைக்கும் முக்கிய ஃபிரேம்) வைக்க வேண்டியதில்லை. வேகம் மாறும் விதத்தைத் தீர்மானிக்கும் கியூபிக் பெசியர் வளைவில் 0.33, 0, 0.67, 0.33 என்று கொடுத்தால் கிடைப்பது இதே பரவளையம்தான். ஏறும்போது அதைத் தலைகீழாகத் திருப்பிக்கொள்ளலாம். இரண்டு முனையிலும் ஈஸி ஈஸ் (மெதுவாகத் தொடங்கி மெதுவாக முடியும் அமைப்பு) போட்டுவிட்டால் தரையை நெருங்கும்போது வேகம் குறைந்து, உருவம் மெத்தையில் இறங்குவது போல மிதக்கும். எல்லாக் கீஃபிரேமையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து எஃப்9 (ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் ஈஸி ஈஸுக்கான குறுக்குவிசை) தட்டும் பழக்கத்தைக் கைவிட்டாலே பாதி அனிமேஷன்கள் தேறிவிடும்.

குதிப்பதற்கு முன் பதுங்குவதற்கு 6 முதல் 8 ஃபிரேம், கிளம்ப 2, தரையில் இறங்கி நசுங்க 2, நிலைக்கு வர 8 முதல் 10. பதுங்கலின் நேரத்தைக் கூட்டினால் கனம் கூடும், குறைத்தால் துடுக்கு கூடும். இன்னொன்று: ஒரு ஃபிரேமுக்குள் உருவம் தன் அகலத்துக்கும் அதிகமாக நகர்ந்தால் கண் அதைத் தொடர்ந்து வராமல் இரண்டு தனித்தனி உருவமாகப் பார்க்கும். அந்த ஃபிரேமில் மட்டும் உருவத்தை இரண்டு இடத்தையும் தொடும்படி நீட்டிவிடுங்கள். தனியாக நிறுத்திப் பார்த்தால் அசிங்கமாக இருக்கும், ஓடும்போது தெரியாது.

உருளும் வட்டத்துக்குக் கணக்கு எளிது. 200 பிக்சல் விட்டம் என்றால் சுற்றளவு 628. அவ்வளவு தூரம் நகர்ந்தால் 360 டிகிரி சுழன்றிருக்க வேண்டும். கூடவோ குறையவோ இருந்தால் பனிக்கட்டியில் சறுக்கும். வெறும் வட்டத்தில் சுழற்சியே தெரியாது என்பதையும் மறக்க வேண்டாம், உடம்பில் ஒரு புள்ளியோ பட்டையோ வேண்டும். சதுரம் உருளும்போது ஒவ்வொரு மூலையாக ஊன்றி 90 டிகிரி புரளும், ஒரு புரளலுக்கு ஒரு பக்க நீளம் நகரும். 45 டிகிரியில் அதன் மையம் பக்க நீளத்தில் 0.5 மடங்கிலிருந்து 0.71 மடங்கு உயரத்துக்கு ஏறி நிற்கிறது. அதுவரை சிரமப்பட்டு மெதுவாக, அதற்குப் பிறகு சட்டென்று விழட்டும். 45வது டிகிரியில் 4 ஃபிரேம் தயங்க வைத்தால் சதுரத்துக்கு ஒரு சுபாவமே வந்துவிடும்.

நினைப்பு தெரிவது நிற்கும்போதுதான்

அசைவுகளை எல்லாம் சரியாகச் செய்தும் கேரக்டர் உயிரில்லாமல் இருந்தால், அனேகமாக நிறுத்தங்கள் இல்லை என்று அர்த்தம். கவனித்தல், நிற்றல், பிறகு செயல் என்ற வரிசையில் நடுவில் இருப்பதைத்தான் நாம் 'யோசனை' என்று படிக்கிறோம். 6 ஃபிரேம் நின்றால் சுறுசுறுப்பான ஆள். 12 என்றால் யோசிக்கிற ஆள். 24ஐத் தாண்டினால் மந்தம், அல்லது சோகம், அல்லது நக்கல். எது என்பதை அதற்கு முன் நடந்தது தீர்மானிக்கும்.

நிற்கும்போது முழுதாக உறைந்துவிடவும் கூடாது. ஸ்கேலில் 1 முதல் 2% மூச்சு போதும். அமைதியாக இருந்தால் ஒரு மூச்சுக்கு 48 முதல் 72 ஃபிரேம், இளைப்பென்றால் 24க்கும் கீழே. பயத்துக்குச் சிலர் உருவத்தை வெறுமனே நடுங்க வைப்பார்கள். அது குளிரா கோபமா பயமா என்று தெரியாது. பயம் தெரிய முதலில் பயமுறுத்துவதிலிருந்து விலக வேண்டும், பிறகு உடம்பு 90%க்குச் சுருங்க வேண்டும். அதற்குப் பிறகுதான் ஃபிரேமுக்கு ஃபிரேம் 2, 3 பிக்சல் நடுக்கம், அதுவும் அரை நொடிக்கு மேல் வேண்டாம். ஆச்சரியத்துக்கு 4 ஃபிரேம் கீழே அமுங்கி, 2 ஃபிரேமில் மேலே நீண்டு, அங்கேயே 8 ஃபிரேமாவது நிற்கட்டும். அமுங்காமல் நேரே நீண்டால் ஆச்சரியம் பார்ப்பவருக்குப் பிடிபடுவதற்குள் முடிந்துவிடும். சோகத்தில் உயரம் 92 முதல் 95%, எல்லாவற்றுக்கும் பதில் 10 ஃபிரேம் தாமதம், நகரும்போது நீண்ட ஈஸ்.

ஒரு ஐந்து நொடிக் காட்சி

120 பிக்சல் விட்டமுள்ள வட்டம், 300 பிக்சல் பக்கமுள்ள சதுரம். சதுரம் வழியை மறித்து நிற்கிறது. மொத்தம் 120 ஃபிரேம்.

முதல் 20 ஃபிரேமில் வட்டம் இடமிருந்து உருண்டு வருகிறது. 565 பிக்சல் தூரம், சரியாக ஒன்றரைச் சுற்று. சதுரத்துக்கு 80 பிக்சல் முன்னால் நிற்கிறது. 30 வரை நிற்கட்டும். 31 முதல் 36 வரை 40 பிக்சல் பின்னால் போகிறது, சுழற்சியும் 38 டிகிரி பின்னால். 37, 38இல் அசைவில்லை. 39 முதல் 42 வரை பாய்ச்சல்: 120 பிக்சலை 8, 22, 37, 53 என்று கூடும் இடைவெளிகளில் கடந்து சதுரத்தைத் தொடுகிறது. 43, 44இல் அகலம் 75%, உயரம் 133%. 45 முதல் 56 வரை வேகம் குறைந்துகொண்டே 90 பிக்சல் பின்னால் எகிறி உருள்கிறது.

இதற்குள் சதுரம் ஒரு பிக்சல்கூட அசையக் கூடாது. மூச்சும் வேண்டாம். 60வது ஃபிரேமில் அது வட்டத்தின் பக்கமாக 3 டிகிரி சாயத் தொடங்கி, 8 ஃபிரேமில் சாய்ந்து, 12 ஃபிரேம் அப்படியே இருந்து, 2 ஃபிரேமில் பழைய நிலைக்கு வருகிறது. அந்தச் சாய்வு தொடங்கியதிலிருந்து 4 ஃபிரேம் கழித்து வட்டம் 90%க்குச் சுருங்கட்டும். பிறகு 90இலிருந்து 110 வரை மெதுவாகப் பின்வாங்கல், மீதி நிறுத்தம்.

காட்சியின் உயிர் 44க்கும் 60க்கும் நடுவில் இருக்கும் 16 ஃபிரேம். அதை 4 ஆக்கினால் சதுரம் இடிபட்ட ஸ்பிரிங் போல வினைபுரிந்துவிடும், அதற்கு மனசு இருப்பது தெரியாது. 40 ஆக்கினால் தூங்குகிறது. மற்ற எல்லா எண்ணையும் விட்டுவிட்டு இந்த ஒன்றை மட்டும் 8, 12, 16, 24 என்று மாற்றி ஓட்டிப் பார்த்தால் நான்கு விதமான சதுரங்கள் கிடைக்கும். இரண்டு பேரும் ஒரே ஃபிரேமில் அசையத் தொடங்கக் கூடாது என்பதற்காகத்தான் அந்த 4 ஃபிரேம் தள்ளல். ஒரே ஃபிரேமில் தொடங்கினால் ஒரே கயிற்றில் கட்டியது போலிருக்கும், பார்ப்பவருக்கும் யாரைப் பார்ப்பது என்று தெரியாது.

கண்

இவ்வளவும் கண் இல்லாமலேயே புரிகிறது என்றால் இப்போது கண் வைக்கலாம். கறுப்புப் பொட்டு மட்டும் போதுமா, வெள்ளையும் வேண்டுமா என்பது முதல் கேள்வி. வெறும் பொட்டுக் கண்ணால் தனியாகப் பார்வையைத் திருப்ப முடியாது. முழுப் பொட்டையும் முகத்தில் நகர்த்தித்தான் திசை காட்ட வேண்டும். அது குறையல்ல, எளிய வடிவத்துக்குப் பெரும்பாலும் அதுவே பொருந்தும். இருவர் நெருக்கமாக நின்று ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்க்கிற காட்சி என்றால் மட்டும் வெள்ளை தேவை. கண்கள் கீழே தள்ளி, அகன்று இருந்தால் குழந்தை, மேலே நெருங்கி இருந்தால் கண்டிப்பான பெரியவர்.

பார்வை தாவ 2 ஃபிரேம் போதும். மெதுவாக வழுக்கும் விழி போதையில் இருப்பது போலிருக்கும். உடம்பு திரும்புவதற்கு 3 ஃபிரேம் முன்பே கண் திரும்பட்டும். இமைக்க மூட 2, மூடியபடி 1, திறக்க 3. கண்ணை நடுவில் ஆங்கர் வைத்து நசுக்கினால் கேமரா ஷட்டர் போலிருக்கும். ஆங்கரைக் கண்ணின் அடியில் வைத்து மேலிருந்து கீழே மூடுங்கள். புருவத்துக்கு ஒரு கோடு போதும். மூக்கின் பக்க முனை 15 டிகிரி இறங்கினால் கோபம், ஏறினால் கவலை.

வட்ட முகத்தைத் திருப்பும்போது கண்களை அப்படியே ஒரு பக்கமாக நகர்த்தினால் தட்டில் ஸ்டிக்கர் வழுக்குவது போலாகும். வட்டத்தைக் கோளமாக நினைத்துக்கொள்ளுங்கள். இரு கண்ணும் நடுவிலிருந்து 20 டிகிரி தள்ளி இருப்பதாக வைத்தால், நேராகப் பார்க்கும்போது மையத்திலிருந்து ஆரத்தில் 0.34 மடங்கு தூரத்தில் இருக்கும். முகம் 30 டிகிரி வலப்பக்கம் திரும்பினால் ஒன்று 10 டிகிரிக்கும் மற்றொன்று 50 டிகிரிக்கும் வரும். சைன் எடுத்தால் இடம்: 0.17, 0.77. கொசைன் எடுத்தால் அகலம்: 98%, 64%. அதாவது ஓரத்துக்குப் போகும் கண் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒடுங்க வேண்டும், நடுவுக்கு வரும் கண் கிட்டத்தட்ட அப்படியே இருக்க வேண்டும். திரும்பும் வழியில் இரண்டு கண்ணும் சற்றே கீழே இறங்கி ஏறினால், விட்டத்தில் 3% போதும், திருப்பத்தில் வளைவு வந்து இயந்திரத்தனம் போய்விடும். உருளும் வட்டத்தில் மட்டும் கண்ணைச் சுழலும் அடுக்கில் வைக்காதீர்கள், பார்ப்பவருக்குத் தலை சுற்றும்.

ஒன்று மற்றொன்றாக மாறுதல்

கோபத்தில் வட்டம் சதுரமாவது போன்ற மாற்றத்துக்குப் பலரும் நேரே பாத்தைக் கீஃபிரேம் செய்வார்கள், நடுவில் உருவம் முறுக்கிக்கொள்ளும். காரணம், வட்டத்தின் நான்கு புள்ளிகள் மேலும் கீழும் பக்கங்களிலும் இருக்கின்றன, சதுரத்தினுடையவை மூலைகளில். வட்டத்தின் புள்ளிகளை 45 டிகிரி தள்ளி வைத்து, இரண்டிலும் முதல் புள்ளி ஒரே இடத்தில் இருக்கும்படி அமைத்தால் முறுக்கு போய்விடும். நான்கு புள்ளி வட்டத்துக்குக் கைப்பிடியின் (புள்ளியிலிருந்து நீண்டு கோட்டை வளைக்கும் பிடியின்) நீளம் ஆரத்தில் 0.5523 மடங்கு. இதைவிடச் சுலபமான வழி, பாத்தையே தொடாமல், மூலை மழுங்கிய சதுரத்தில் தொடங்குவது. மூலை ஆரம் பக்கத்தில் பாதி என்றால் அது வட்டம், பூஜ்யம் என்றால் சதுரம். ஒரே எண்ணைத்தான் அசைக்க வேண்டும். விட்டமும் பக்கமும் ஒன்றாக இருந்தால் சதுரத்தின் பரப்பு 27% அதிகம் என்பதால், சதுரமாகும்போது ஸ்கேலை 89%க்குக் குறைத்தால் உடம்பு ஊதியது போலத் தெரியாது. முக்கோணத்துக்கு இந்தக் குறுக்குவழி இல்லை, புள்ளிகளை உட்கார்ந்து பொருத்தத்தான் வேண்டும்.

முடித்ததை ஜிஃப் ஆக்கும்போது இன்னொரு சிக்கல். ஜிஃப் கோப்பில் ஒவ்வொரு ஃபிரேமின் நேரமும் நொடியில் நூறில் ஒரு பங்கு என்ற அலகில், முழு எண்ணாக மட்டுமே பதிவாகும். 24 ஃபிரேம் வேகத்துக்கு 4.17 வேண்டும், அது கிடைக்காது. 4 என்றால் 25 ஃபிரேம் வேகம், 5 என்றால் 20. பார்த்துப் பார்த்து வைத்த நிறுத்தங்கள் 5இல் இழுபடும். ஜிஃப்பாகத்தான் போகப் போகிறது என்று முன்பே தெரிந்தால் திட்டத்தையே 25இல் தொடங்கிவிடுங்கள். மேலே சொன்ன எண்களில் எதையும் மாற்ற வேண்டியிருக்காது.